எங்க ஊரை நாங்க திட்டிக்கிறோம்

கேள்வி: சொந்த ஊர்க்காரர்களுக்கு ஊர்ப் பெருமை என்றால் உண்மையில் என்ன? மதுரைக்காரர்கள் மட்டும் ஏன் எதற்கெடுத்தாலும் "எங்க ஊர்ல..." என்று ஆரம்பிக்கிறார்கள்?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லா ஊர்க்காரர்களும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் சிறுவாணித் தண்ணீரில் ஆரம்பிப்பார். திருநெல்வேலிக்காரர் அல்வாவில் ஆரம்பித்துத் தாமிரபரணியில் முடிப்பார். எங்களுக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

முதல் பாதிக்கு வழக்கமாக ஒரு பட்டியல் வரும். மீனாட்சியம்மன் கோயில், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா, நாயக்கர் மகால், கீழடி. (கீழடி சிவகங்கை மாவட்டம் என்று யாராவது திருத்தினால் முகம் சுண்டிவிடும். மாவட்டம் நேற்று வந்தது, ஊர் எப்போது வந்தது என்று கேட்போம்.) பட்டியலில் தப்பில்லை. ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்காக, சீர்வரிசைத் தட்டைப் பரப்பி வைக்கிற மாதிரி பரப்புவது. எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கவே பிடிக்காது, ஒரே தித்திப்பு. வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் பிறந்து, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய அப்பாவுக்கு மகளாக வளர்ந்தவள் இதை வெளியில் சொல்வதில்லை. எனக்குப் பருத்திப்பால்தான்.

சென்னைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. 2025 ஜூலையில் மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு முடிவுகள் வந்தன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40-வது இடம். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தச் செய்தியைப் போட்டு, "தூங்கா நகரம்தானே, எழுந்து குளிக்கவாவது செய்யலாமே" என்று எழுதியிருந்தார். நான் விடுவேனா? அதே பட்டியலில் சென்னைக்கு 38-வது இடம். "முப்பத்தெட்டாவது ரேங்க் வாங்கினவரு நாற்பதாவது ரேங்க்கைப் பார்த்துச் சிரிக்கலாமா சார்?" என்று தொடங்கியவள், பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சியிலேயே எங்கள் கடைத்தெருவுக்குப் பெயர் இருக்கிறது என்பது வரை போய்விட்டேன். குப்பைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் தம்பிக்கு போன் போட்டேன். "என்னடா ஊரு அது? தெருவுக்குத் தெரு குப்பை. உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?" முக்கால் மணி நேரம் திட்டினேன். காலையில் அந்த ஆபீஸ்காரர் சொன்னதைவிட நான் சொன்னது பத்து மடங்கு மோசம். அவன் முழுசும் கேட்டுவிட்டு, "காலையில குரூப்ல சண்டை போட்டேன்னு சொன்ன?" என்றான். "அது வேற, இது வேற" என்றேன். எப்படி வேற என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியும்.

இதற்கு அப்பத்தா சொன்ன கதைதான் எனக்குத் தெரிந்த பதில். பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தந்தால் போதும் என்று ஓர் ஆள் வருகிறான். சொக்கன்தான், வேறு யார். அன்றைக்கென்று அவிக்கிற பிட்டெல்லாம் உதிர்ந்துபோகிறது. வயிறு முட்டத் தின்றவன் கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான், ஆடுகிறான், பாடுகிறான், மண் மட்டும் போடவில்லை. கரையில் வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. பாண்டியன் பிரம்பால் அவன் முதுகில் ஒன்று வைக்கிறான். அந்த அடி ராஜா முதுகில் விழுகிறது, ராணி முதுகில் விழுகிறது, ஊரில் இருக்கிற அத்தனை பேர் முதுகிலும் விழுகிறது.

இந்த இடம் வரும்போது அப்பத்தா என் முதுகில் பட்டென்று ஒன்று வைக்கும். "வலிக்குதா? அப்ப நீயும் மருதக்காரிதான்."

இப்போதும் ஒவ்வொரு ஆவணியிலும் அரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் இதை நடத்துகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்துவிடுவார்கள். நாற்பதாவது இடம் என்ற செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதுகில்தான் விழுந்தது. பிறந்த ஊரில் ஒரு செங்கல் சொந்தமாக இல்லாதவளுக்கும் விழுகிறது. ஊர்ப் பெருமை என்று நான் சொல்வது இந்த வலியைத்தான். ஆனால் கதையின் முன்பாதியை நாங்கள் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், அவரவர் பங்குக் கரை என்ற அந்த உத்தரவை. வேலை பார்க்காமல் தூங்கினவனைத்தான் ஊரே பல்லக்கில் தூக்கிக் கொண்டாடுகிறது, அதையும் கவனிக்க வேண்டும்.

வீதிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றும் நாலு திசைக்கு நாலு. இதில் வெளியூர்க்காரர் கட்டாயம் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார் என்பார்கள். மாதம் மாறினாலும் தேர் பழைய வீதியை விடவில்லை. யாராவது சித்திரை வீதியில் தேருக்காகக் காத்து நின்றால் எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அவர் கையைப் பிடித்து மாசி வீதிக்குக் கூட்டிப் போவதில் அதைவிடப் பெரிய சந்தோஷம்.

வெளி வீதி இருக்கும் இடத்தில் முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடிக்க வைத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்திலேயே பங்கு என்று அறிவித்ததும் ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. அளந்து கொடுத்த மாரெட் பெயரில் மாரெட் வீதி, வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊர்க்காரர்கள் நட்டதுதான் விளக்குத்தூண். இன்றைக்கு விளக்குத்தூண் என்றால் எல்லோருக்கும் தெரியும், அது யாருக்காக நட்டது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொன்னாலே அதிகம். மேஸ்திரியின் பெயரை மட்டும் ஒவ்வொரு ஆட்டோக்காரரும் தினம் நூறு தடவை சொல்கிறார். மேஸ்திரி பெயரைத் தெருவுக்கு வைத்த ஊரில் பிறந்தேன் என்பதில் எனக்கு இருக்கும் கர்வம், ஆயிரங்கால் மண்டபத்தில்கூட இல்லை.

சொந்த ஊர்க்காரர் என்றால் யார் என்று ஒரு கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது. எங்கள் எதிர்வீடு சௌராஷ்டிரர் வீடு. வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வாசலுக்கு வந்தால் "என்னாத்தா, எங்க போய்ட்டு வாரீக?" நெசவுக்கு வந்து தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். சுங்குடிச் சேலை அவர்கள் கைவேலை. பாட்டுக்கார டி. எம். சௌந்தரராஜன் அந்தச் சமூகத்தில் இந்த ஊரில் பிறந்தவர். மருதக்காரர் என்ற சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமான குரல் உண்டா? 1812 முதல் 1828 வரை கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர் அம்மனுக்குத் தங்கத்தில் கல் பதித்த அங்கவடி (குதிரை ஏறும்போது கால் வைக்கிற வளையம்) செய்து கொடுத்தார். ஊர் அவரைப் பீட்டர் பாண்டியன் ஆக்கிவிட்டது.

இதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரக் கலெக்டரைப் பாண்டியன் ஆக்கிய அதே ஊரில், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஒரு பகுதி மக்கள் 1939 ஜூலை 8 வரை கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அன்றைக்குத்தான் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கன் முதலானவர்களோடு உள்ளே போனார். அந்தத் தேதியைப் பெருமைப் பட்டியலில் சேர்ப்பவர்கள், அதற்கு முந்தைய நாள்வரை என்ன நடந்தது என்பதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஜூலை 7-ம் எங்கள் ஊரில் நடந்ததுதான்.

அழகரைச் சொல்லாமல் முடித்தால் வீட்டில் சோறு போட மாட்டார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிற அண்ணன், வைகை வரை வந்ததும் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே திரும்பிவிடுகிறார். கோயில் புராணத்தில் மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வருகிறார் என்றுதான் இருக்கும். அப்பத்தாவிடம் சொன்னால், "அந்த முனிவரு யாரு? நமக்கு என்ன ஒறவு?" என்று கேட்கும். சித்ரா பௌர்ணமி விடியற்காலையில், நாட்டுச் சர்க்கரை நிரப்பிய சொம்பின்மேல் சூடம் ஏற்றி, தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் நனைந்துகொண்டு, குதிரை வாகனத்தில் அவர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்க லட்சக்கணக்கில் நிற்போம். பச்சை என்றால் அந்த வருடம் நல்ல விளைச்சல். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் அவர் ஆற்றில் இறங்கவில்லை. முதல் வருடம் அப்பா மொட்டை மாடியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, அதில் அழகர் படத்தின் நிழல் விழும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்கு எழுதிய கை, நடுங்காமல் இருந்தது. வீடியோ காலில் பார்த்த எனக்குத்தான் கண் மறைத்தது.

எங்கள் சந்துக்காரர்கள் ஒவ்வொரு சித்திரையிலும் ஆற்றோரம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். முன்பெல்லாம் பானையும் செம்பும்தான். பிறகு காகிதக் கப் வந்தது. ஒரு வருடம் மொத்த விலைக்கு வாங்கினதில் பச்சைக் கோடு போட்ட கப் கிடைத்தது. அழகர் இறங்கின மறுநாள் தம்பி ஆற்றைப் படம் எடுத்து அனுப்பினான். கண்ணுக்கு எட்டின தூரம் குப்பை, அதில் பாதி பச்சைக் கோடு. மற்றவர்கள் போட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. கரையில் எங்கள் பங்கு எது என்று யாரோ கோடு போட்டுக் காட்டின மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் அவனும் சந்துப் பையன்கள் நாலு பேரும் அறுபது எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்தார்கள். கழுவுவதற்கு ஒரு டிரம், அதற்கு முறை வைத்து ஆள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று டம்ளர்தான் இருந்தது. "கும்பிட வந்தவய்ங்கதான் எடுத்துட்டுப் போயிட்டாய்ங்க" என்று குமுறினான். ஆனாலும் அதற்குப் பிறகு காகிதக் கப் வாங்கவில்லை. டம்ளரில் துளை போட்டுச் சங்கிலி கோத்துவிட்டார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது விடியற்காலை நாலரை மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். அந்த நேரத்திலும் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஆட்டோ ஏ.வி. பாலத்தில் ஏறியதும் ஆற்றிலிருந்து ஒரு வாடை.

"என்னண்ணே, ஆறு இப்படி நாறுது" என்றேன்.

"ஏன், ஒங்க கூவத்துல சந்தனமா ஓடுது?"

பதினான்கு வருடத்தில் என் பேச்சு மாறிவிட்டது போலிருக்கிறது. "அண்ணே, நான் வடக்கு மாசி வீதிண்ணே."

கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். "அட, நம்ம புள்ளையா! மெட்ராஸ்னுல்ல நெனச்சேன்." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதை ஏந்தாயி கேக்குற, இதெல்லாம் ஒரு ஊரா? தோண்டுன ரோட்டை மூட மாட்டேங்குறாய்ங்க. மூடுன ரோட்டைத் தோண்டுறாய்ங்க..." சிம்மக்கல் தாண்டி வீட்டு வாசல் வரும்வரை நிறுத்தவில்லை. நானும் என் பங்குக்குச் சேர்த்துத் திட்டினேன்.

இறங்கியதும் இருநூற்றைம்பது கேட்டார்.

"என்னண்ணே, ஊர்க்காரிகிட்டயேவா?"

"வெளியூருன்னா முந்நூறு தாயி."