வெயில் பட்ட பானை ஓடு வீணாகிவிட்டதா?

ஏற்காடு அடிவாரத்துக் கிணற்றுக் குழியில் எடுத்த ஓடு மூன்று நாள் வெயிலில் கிடந்துவிட்டது, இனி ஒளிர்வு முறையில் (சுட்ட நாள் முதல் ஓட்டில் சேர்ந்த கதிரின் அளவை, அது விடும் ஒளியை வைத்துக் கணக்கிடும் முறை) வயது பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். வெயில் மேற்பரப்பில் சேர்ந்த சமிக்ஞையைத்தான் அழிக்கும். அதனால் ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் மேற்பரப்பை 2 மி.மீ. சீவி எறிந்துவிட்டு உள்பகுதியைத்தான் அளப்பார்கள். ஓடு 1 செ.மீ. தடிமன் இருந்தால் நிம்மதி.

கூடவே அள்ளிய மண்ணின் துகள்களில் வெயில் பட்டுவிட்டதால் அதற்கு வயது பார்ப்பதுதான் போச்சு. அதற்காகக் கொட்டிவிடாதீர்கள்! ஓட்டைச் சுற்றி 30 செ.மீ.க்குள் இருந்த மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் தெரியாமல் ஆண்டுக் கதிரளவு (ஓடு ஓர் ஆண்டில் வாங்கும் கதிர்; வயதுக் கணக்குக்கு இது வேண்டும்) வராது. அரை கிலோ, ஈரம் போகாமல் இரட்டைப் பையில் கட்டுங்கள். பக்கத்தில் சார்னோகைட் கல் (அந்த மலையின் கடினப் பாறை) கிடந்திருந்தால் அதிலும் ஒரு சில்லு. கல்லின் கதிர் வேறு, மண்ணின் கதிர் வேறு. ஆழத்தையும் குறியுங்கள்.

ஓட்டை அடுப்பில் காயவைக்காதீர்கள், சேர்ந்திருக்கும் சமிக்ஞை அழியும். எக்ஸ்ரேயும் கூடாது, புதுக் கதிர் ஏறிவிடும்.