என்ஜிசி 3115-இல் சுருள் கைகள் ஏன் தெரியவில்லை?

வாலிநோக்கம் கடற்கரையில் 6 அங்குலத் தொலைநோக்கி வைத்து என்ஜிசி 3115 என்ற விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸியை) பார்த்தும், நடுவிலிருந்து சுருண்டு விரியும் சுருள் கைகள் தெரியவில்லை, உப்புக்காற்றில் கண்ணாடி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடியைச் சந்தேகப்படாதீர்கள். அந்த விண்மீன் மண்டலத்துக்குச் சுருள் கைகளே கிடையாது. அது வில்லை வடிவ வகை: நடுவே பருத்த குமிழ், சுற்றிலும் தட்டு. புது விண்மீன்கள் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு பெரும்பாலும் தீர்ந்துபோய், மஞ்சளும் சிவப்புமாய் முதிய விண்மீன்களே மிஞ்சியிருக்கின்றன. தட்டு நமக்குப் பக்கவாட்டில் இருப்பதால் பரமக்குடித் தறியின் நாடா போல இரு முனையும் கூராகத் தெரியும். 3 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் அந்தக் கூர்மை எனக்கு எப்போதும் வியப்புதான்!

மார்ச் கடைசியில், நிலா இல்லாத இரவு 10 மணிவாக்கில் பாருங்கள். உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். அப்புறம், கண்ணாடியில் ஈரம் படிந்தால் துடைக்காமல் உலரவிடுங்கள். உப்பு கீறிவிடும்.