சிபேப் குழாயும் இரவு உறக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ஸ்லீப் அப்னியாவுக்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவியைப் பயன்படுத்துவோர் அனுப்பிய கேள்விகளில் காற்றழுத்தத்தைப் பற்றி வந்தவை மிகக் குறைவு. படுக்கையில் அந்தக் குழாயை என்ன செய்வது என்பதே பெரும்பாலோரின் கவலையாக இருக்கிறது. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. வாங்கிய சில வாரங்களிலேயே கருவியை அலமாரியில் வைத்துவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், பலரும் முதலில் குழாயைத்தான் சொல்கிறார்கள். குழாய்த் தொல்லையைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் பாரத்தை மாஸ்க்கின் மீது சுமத்தாமல் வேறொன்றின் மீது ஏற்றிவிட்டால் பாதித் தொல்லை அன்றிரவே தீர்ந்துவிடும்.

கேள்வி: நான் இரவில் அடிக்கடி புரண்டு படுப்பவன். குழாய் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது. நெரித்துவிடுமோ என்று என் மனைவி தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது குழாயை மார்பின் மேல் போட்டு, கையால் பிடித்துக்கொண்டு படுக்கிறேன்.

முதலில் உங்கள் மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தன் கையால் மாஸ்க்கைக் கழற்றக்கூடிய பெரியவர் ஒருவருக்கு இந்தக் குழாயால் கழுத்து நெரிபடும் அபாயம் மிகக் குறைவு. குழாய் இழுபட்டால் மாஸ்க் நகரும், அல்லது இணைப்புக் கழன்றுகொள்ளும். காற்று சீறும் சத்தத்திலேயே விழிப்பு வந்துவிடும். ஆனால், பேரப்பிள்ளைகளை அருகில் படுக்கவைத்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் குழாய் எட்டும் இடத்தில் படுக்கவைக்காதீர்கள். அவர்களுக்கு எந்தக் கயிறும் எந்த வயரும் ஆபத்துதான்.

குழாய் கழுத்தைச் சுற்றுவதற்குக் காரணம், அது பக்கவாட்டிலிருந்தோ மார்பின் வழியாகவோ வருவது. அப்படி வரும் குழாய், நீங்கள் மறுபக்கம் திரும்பும்போது உங்களைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. அதையே தலைக்கு மேலிருந்து இறங்கும்படி அமைத்துவிட்டால் இடப்புறம் திரும்பினாலும் வலப்புறம் திரும்பினாலும் அது தலையோடு சேர்ந்து திரும்பும். கழுத்துப் பக்கம் வருவதற்கு அதற்கு வழியே இராது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், மெத்தையிலிருந்து ஏறக்குறைய 2 அடி உயரத்தில், ஒரு கொக்கியைப் பொருத்துங்கள். பழைய பலகைச் சுவர் வீடாக இருந்தால் ஓர் ஆணி போதும். கல்வீடாக இருந்தால் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஒட்டுக் கொக்கியே இந்த எடையைத் தாங்கும். கொக்கியில் குழாயை நேராக மாட்டாமல், இரண்டு விரல் அகலத் துணியில் தளர்வான வளையம் ஒன்று செய்து, அதன் வழியாகக் குழாயை விடுங்கள். வளையத்துக்குள் குழாய் தங்குதடையின்றி வழுக்கி வர வேண்டும். இறுக்கிக் கட்டினால் பழைய தொல்லையே திரும்பி வரும்.

வழக்கமாகக் கருவியோடு வரும் குழாயின் நீளம் 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி. கருவியைக் கட்டிலை ஒட்டிய சிறு மேசையில் வைத்தால் இந்த நீளம் போதும். விளக்கை அணைப்பதற்கு முன், மாஸ்க்கை அணிந்துகொண்டு இடப்புறம் ஒருமுறை, வலப்புறம் ஒருமுறை முழுவதுமாகத் திரும்பிப் பாருங்கள்; பிறகு எழுந்து உட்கார்ந்து பாருங்கள். இந்த மூன்று நிலைகளிலும் குழாய் மூக்கை இழுக்காமல் இருக்கும் அளவுக்குத் தொய்வு விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் அது தலையணையில் சுருண்டு கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை. கூரைச் சட்டத்திலிருந்து நூல் கட்டிக் குழாயைத் தொங்கவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலான படுக்கையறைகளில் கூரைக் காத்தாடி சுழல்கிறது. அதன் இறக்கைக்கு எட்டும் உயரத்தில் நூலோ குழாயோ எக்காரணம் கொண்டும் இருக்கக்கூடாது.

கேள்வி: நாங்கள் கொசுவலைக்குள் படுக்கிறோம். குழாய் உள்ளே வரும் இடத்தில் கொசுவும் சேர்ந்து வருகிறது. கருவியையே வலைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

மெத்தையின் மேல் கருவியை வைக்க வேண்டாம். போர்வையோ தலையணையோ காற்று இழுக்கும் துவாரத்தை மூடிவிடும். காற்றுக்கு ஈரமூட்டும் தொட்டியான ஈரப்பதமூட்டியில் தண்ணீர் இருந்தால், மெத்தை அசையும்போது அது தளும்பிக் குழாய்க்குள் போகவும் கூடும். கருவி வலைக்கு வெளியே, சமதளமான மேசையிலேயே இருக்கட்டும். குழாயைத் தலைமாட்டுப் பக்கம் வலையின் அடியோரத்தின் வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த இடத்தில் ஒரு கைத்துண்டைக் குழாயைச் சுற்றி வைத்து, வலையின் ஓரத்தோடு சேர்த்து மெத்தைக்கடியில் செருகிவிடுங்கள். உள்ளே வந்த குழாயைத் தாங்குவதற்கு வலையின் தலைமாட்டு மூலையிலேயே ஒரு துணி வளையத்தைக் கட்டிவிடலாம். அந்த மூலைக் கயிறு சுவரில் உறுதியாகக் கட்டப்பட்டிருந்தால் தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வலை இருந்தும் பல வீடுகளில் கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருளையும் ஏற்றிவைக்கிறார்கள். கருவி, தான் இருக்கும் இடத்துக் காற்றைத்தான் இழுத்து உங்கள் மூக்குக்கு அனுப்புகிறது. அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்குமே தவிர, சுருள் புகையின் வாயுவையும் நெடியையும் தடுக்காது. சுருளும் சாம்பிராணியும் அந்த அறைக்குள்ளேயே வேண்டாம்.

கேள்வி: ஏர்கோன் போட்டுப் படுத்தால் நடுநிசியில் குழாய்க்குள் தண்ணீர் குளுகுளுவென்று சத்தம் போடுகிறது. சில நாள்களில் மூக்கில் தண்ணீர் தெறித்து விழித்துக்கொள்கிறேன். கருவி கெட்டுவிட்டதா?

கருவி கெடவில்லை. ஈரப்பதமூட்டியிலிருந்து வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் புறப்படும் காற்று, குளிர்ந்த அறையில் 6 அடி நீளக் குழாயைக் கடந்து வரும்போது குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மிஞ்சியது குழாயின் உட்சுவரில் துளித்துளியாகப் படிந்து, தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. நீங்கள் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் தேக்கம் முன்னும் பின்னும் நகர்வதுதான் நீங்கள் கேட்கும் சத்தம்.

முதலில் ஏர்கோன் காற்று நேராகக் குழாயின் மேல் வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் அதன் இதழ்களைத் திருப்பிவிடுங்கள். வெப்பநிலையை 18-இல் வைத்துக்கொண்டு போர்வைக்குள் சுருண்டுகொள்வதைவிட, 24 அல்லது 25-இல் வைப்பது குழாய்க்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது. அதன் பின்னும் தண்ணீர் சேர்ந்தால், ஈரப்பத அளவை ஒரு படி குறைத்து இரண்டு இரவுகள் பாருங்கள். நம் நாட்டுக் காற்றில் இயல்பாகவே ஈரம் மிகுதி. குளிர்நாட்டில் இருப்பவருக்குத் தேவைப்படும் அளவு நமக்குத் தேவைப்படுவது அபூர்வம். காலையில் மூக்கும் தொண்டையும் வறண்டு போனால் மட்டும் மீண்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

குழாய்க்கு ஓர் உறை போடுவதும் நன்றாக உதவும். கடையில் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய கம்பளிப் போர்வையிலிருந்து நீளமான பட்டை ஒன்றை வெட்டி, குழாய் நுழையும் அளவுக்கு மூட்டித் தைத்தால் அதுவே உறை. அந்த உறைக்கு இன்னொரு பலனும் உண்டு: குழாய் கட்டில் சட்டத்தில் உரசும் கரகரச் சத்தம் அடங்கிவிடும், கன்னத்தில் பட்டாலும் சில்லென்று இராது. இவை எதற்கும் அடங்காவிட்டால், உள்ளே கம்பிச்சுருள் ஓடும் சூடேற்றும் குழாயைக் கேளுங்கள். ஆனால் அது உங்கள் கருவியின் மாதிரிக்கு ஏற்றதா என்று உறுதிசெய்துகொண்டுதான் வாங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் சூடேற்றும் குழாய் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் இயங்காது.

கருவி உங்கள் தலை மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். நடு இரவில் சத்தம் கேட்டால், கருவியை நிறுத்தி, குழாயை இரு முனையிலும் கழற்றி வெளியே உதறிவிடுங்கள். குழாயைத் தூக்கிப்பிடித்துத் தண்ணீரைக் கருவிப் பக்கமே ஓடவிடுவது சிலருடைய வழக்கம். அந்தத் தண்ணீர் மோட்டார் வரை போய்ச் சேரக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் கருவியின் திரையில் மாஸ்க் பொருத்தத்துக்கு நேரே சோகமுகம் வருகிறது. பட்டையை இறுக்கி இறுக்கி மூக்குத்தண்டில் புண்ணே வந்துவிட்டது.

பட்டையை இனிமேல் இறுக்காதீர்கள். புண் ஆறும்வரை, மூக்குத்தண்டில் படாத வேறு வகை மாஸ்க் கிடைக்குமா என்று உங்களுக்கு மாஸ்க் தந்தவரிடம் கேளுங்கள். சோகமுகம் காட்டும் காற்றுக் கசிவுக்குக் காரணம் மாஸ்க்கா, குழாயா என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். வழக்கம்போல் படுத்து, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கின் எந்த ஓரத்தில் காற்று சீறுகிறது என்று கவனியுங்கள். இப்போது மாஸ்க்கிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழாயை இரண்டு விரலால் மெல்லத் தூக்குங்கள். சீறல் நின்றுவிட்டால், மாஸ்க் உங்கள் முகத்துக்குச் சரியாகவே இருக்கிறது; குழாயின் எடைதான் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. தலைமாட்டுக் கொக்கியே அதற்கு மருந்து.

சீறல் நிற்கவில்லையென்றால் குழாயையும் சோதித்துவிடுங்கள். கருவி ஓடும்போது மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, குழாயின் திறந்த முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு கையின் புறத்தைச் சற்று ஈரமாக்கி, குழாய் நெடுகிலும் மெல்ல நகர்த்துங்கள். ஊசித்துளை இருந்தாலும் ஈரத்தோலில் சில்லென்று காற்றுப் படும். முனையிலுள்ள ரப்பர் வளையத்துக்கு அடுத்த முதல் சில மடிப்புகளை மிகவும் கவனமாகப் பாருங்கள். குழாய் நாள்தோறும் வளைவது அங்கேதான், கீறல் விடுவதும் அங்கேதான். துளை கண்டால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் குழாயை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மெல்லிய குழாய் ஒன்று வாங்கினால் இவ்வளவு தொல்லை இராது என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம். வழக்கமான குழாய் 22 மில்லிமீட்டர் விட்டமுடையது. 15 மில்லிமீட்டரிலும், சில கருவிகளுக்கு 12 மில்லிமீட்டரிலும் மெல்லிய குழாய்கள் உண்டு. எடை குறைவு, வளைவதும் எளிது. மாஸ்க்கின் மேல் இழுப்பு நன்றாகவே குறையும். ஆனால் குறுகிய வழியில் காற்று போகும்போது அழுத்தம் சற்றுக் குறையும் என்பதால், கருவியிலுள்ள குழாய் வகை அமைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். 1981-இல் சிட்னியில் மருத்துவர் கொலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை மருத்துவ உலகுக்கு அறிவித்த நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை: 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் (கருவியின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இது) உங்களுக்கென்று குறித்த அளவு தொண்டையைச் சென்றடைந்தால்தான் மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாமல் இருக்கும். குழாயை மாற்றிவிட்டுக் கருவியைப் பொருத்தியவரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

இதோடு, குழாய் நெற்றிக்கு மேலே உச்சந்தலையில் சேரும்படி அமைந்த மாஸ்க்குகளும் இருக்கின்றன. புரண்டு படுப்பவர்களுக்கு அவை மிகவும் ஏற்றவை என்பது என் கருத்து.

கேள்வி: என் அம்மா கட்டிலில் படுக்கமாட்டார், தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார். குழாயை எப்படி அமைப்பது?

கட்டிலுக்கு மாறச் சொல்லி அம்மாவை வற்புறுத்தத் தேவையில்லை. பாயின் தலைமாட்டைச் சுவரோரமாகப் போட்டு, கருவியை அவர் தலைக்குப் பக்கவாட்டில், ஈரமில்லாத தாழ்வான பலகையின் மேல் வையுங்கள். வெறுந்தரையில் வைத்தால் தூசியும் முடியும் வடிகட்டியில் வந்து அடைக்கும். இரவில் எழுந்து போகும் வழியில் கருவியோ வயரோ இருக்கக்கூடாது. முதியவர் தடுக்கி விழுவது, குழாய் தரக்கூடிய எந்தத் தொல்லையையும்விடப் பெரிய ஆபத்து. சுவரில் கொக்கி பாயிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் போதும். கருவியைத் தலையைவிடத் தாழ்த்தி வைக்க இங்கே இடமில்லை என்பதால், ஏர்கோன் இல்லாத அறையாக இருந்தால் ஈரப்பத அளவை மிகக் குறைவாக வைத்துப் பாருங்கள்.

அம்மா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொள்பவராக இருந்தால், மாஸ்க்கிலுள்ள சிறு துவாரங்களைப் போர்வை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வெளிவிடும் கரியமிலவாயு வெளியேறுவது அந்தத் துவாரங்கள் வழியாகத்தான்.

கேள்வி: குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? எறும்பு ஏறுகிறது.

வாரம் ஒருமுறை, வெதுவெதுப்பான தண்ணீரில் மணமில்லாத மென்மையான சோப்பைக் கரைத்து, குழாய்க்குள் விட்டு அலசி, நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். குளோரெக்ஸ் போன்ற வெளுப்பான் வேண்டாம். வெயிலில் காயப்போட்டால் பிளாஸ்டிக் இறுகி வெடிக்கும். குளியலறைக் கதவின் மேலோ துணிக்கொடியிலோ நிழலில் இரு முனையும் கீழே தொங்கும்படி போட்டுவிடுங்கள். காலையில் கழுவினால் இரவுக்குள் காய்ந்துவிடும். சூடேற்றும் குழாயாக இருந்தால், மின்முனைகளில் துளி ஈரமும் இல்லை என்று உறுதியான பிறகே பொருத்துங்கள்.

எறும்பைப் பொறுத்தவரை, பகலில் குழாயைக் கருவியிலேயே மாட்டிவைக்காமல் கழற்றி, சுத்தமான துணிப்பையில் போட்டுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். ஈரப்பதமூட்டியில் மிஞ்சிய தண்ணீரையும் நாள்தோறும் காலையில் கொட்டிவிட வேண்டும். கருவிக்கு அருகில் எறும்பு மருந்து அடிக்காதீர்கள். இரவில் மாஸ்க்கை அணிவதற்கு முன், கருவியைச் சில வினாடிகள் ஓடவிட்டு, குழாயின் முனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே எறும்போ தூசியோ இருந்தால் அது கையில் வந்து விழும்.