கணினிக் கேள்வி பதில்: உலாவியிலும் சர்வரிலும்

கே: கல்லூரி விழாவுக்கான பதிவுப் படிவம் ஒன்றைச் செய்துவருகிறேன். வயது, தொலைபேசி எண், கட்டணம் மூன்றையும் ஜாவாஸ்கிரிப்டிலேயே சரிபார்த்துவிட்டேன். அதே சரிபார்ப்பை பிஎச்பியிலும் எழுதும்படி ஆசிரியர் சொல்கிறார். ஒரே வேலையை இரண்டு முறை செய்வது எதற்கு? (மாணவி, விருதுநகர்)

ப: ஆசிரியர் சொல்வதே சரி. நீங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பக்கத்தோடு சேர்ந்து பயனரின் கணினிக்குப் போய், அவருடைய உலாவியில் ஓடுகிறது; பிஎச்பி நிரலோ தளத்தை வழங்கும் சர்வரில் ஓடுகிறது. அவர் கைக்குப் போய்விட்ட நிரலை அவர் மாற்றலாம், ஓடவிடாமல் நிறுத்தவும் செய்யலாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். கட்டணம் 500 என்பது படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத புலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தைக் குரோமில் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, 'எலிமென்ட்ஸ்' பகுதியில் அந்த 500ஐ இருமுறை சொடுக்கி 5 என்று மாற்றிய பின் படிவத்தை அனுப்பினால், சர்வருக்கு 5தான் போய்ச் சேரும். உலாவியே இல்லாமல், கர்ல் போன்ற கருவியைக் கொண்டு தரவை நேரடியாக அனுப்புகிறவரிடம் உங்கள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரிகூட ஓடாது.

ஆகவே கட்டணத்தைப் படிவத்திலிருந்து வாங்கவே கூடாது. எந்த நிகழ்ச்சிக்கான பதிவு என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, தொகையை சர்வரே தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். வயதும் தொலைபேசி எண்ணும் பயனர் மட்டுமே தரக்கூடியவை என்பதால், அவற்றை பிஎச்பியில் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். தரவுத்தளத்தில் சேர்க்கும்போது, வந்த மதிப்பை எஸ்க்யூஎல் கட்டளையோடு ஒட்டிவிடாமல், பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பிடிஓவின் 'பிரிப்பேர்', 'எக்ஸிகியூட்' வழியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் பெயர்ப் புலத்தில் தட்டச்சு செய்யப்படும் ஓர் ஒற்றை மேற்கோள் குறியே கட்டளையைக் குலைத்துவிடும். உலாவியில் செய்த சரிபார்ப்பை இதற்காக நீக்கிவிட வேண்டாம். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டதை, சர்வர் வரை போய்த் திரும்பும் முன்பே பயனருக்கு அது சொல்லிவிடுகிறது.

கே: சொந்தக் கணினியிலேயே சர்வரை ஓட்ட உதவும் சாம்ப் தொகுப்பை நிறுவியிருக்கிறேன். ஆனாலும் பிஎச்பி கோப்பைத் திறந்தால் நிரலே எழுத்தாகத் தெரிகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

ப: கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்திருப்பீர்கள். அப்போது முகவரிப் பட்டையில் 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரி இருக்கும். சர்வர் இடையில் வரவே இல்லை என்று பொருள். கோப்பை சாம்பின் 'எச்டிடாக்ஸ்' கோப்புறையில் வைத்து, அதிலுள்ள அப்பாச்சி சர்வரை இயக்கி, 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கும் முகவரியில் திறவுங்கள். பிறகு 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுத்துப் பார்த்தால், பிஎச்பி வரிகள் இருந்த இடத்தில் அவற்றின் விடை மட்டுமே இருக்கும்.

கே: ஜாவாஸ்கிரிப்டை சர்வரிலும் ஓடவைக்கும் நோட் ஜேஎஸ் இருக்கும்போது பிஎச்பியும் கற்க வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: வேலை வாய்ப்பை மட்டும் கருதினால் எதில் தொடங்கினாலும் பிழையில்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் பிஎச்பியை வெளியிட்டதும், நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியதும் 1995ஆம் ஆண்டில்தான். ரயன் டாலின் நோட் ஜேஎஸ் வந்தது 2009இல். இரு பக்கமும் ஒரே மொழி என்பது அனுபவம் உள்ளவருக்குப் பெரிய வசதி. தொடக்கநிலையில் இருப்பவருக்கோ எந்த வரி எங்கே ஓடுகிறது என்பதே குழம்பிப்போகிறது. பக்கத்தைக் குறிக்கும் 'டாக்குமென்ட்' என்ற பொருளை நோட் நிரலில் எழுதிவிட்டு, 'வரையறுக்கப்படவில்லை' என்ற பிழைச் செய்தியின் முன் விழிப்பவர்கள் பலர். அந்தப் பொருள் உலாவியில் மட்டுமே உண்டு. அதனால் முதல் சில மாதங்களுக்கு இரண்டு மொழிகளில் எழுதிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. இந்த மொழிகளின் மேல் கட்டப்பட்ட ரியாக்ட், லாராவெல் முதலியவை அதன் பிறகு வரட்டும், அவை எங்கும் ஓடிவிடப்போவதில்லை.

கே: பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று இரு பக்கமும் எழுதியிருக்கிறேன். உலாவி ஏற்கும் தமிழ்ப் பெயரை பிஎச்பி மறுக்கிறதே? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: நீளத்தை அளக்கும் பிஎச்பியின் 'ஸ்டிர்லென்' செயற்கூறு எழுத்துகளை அல்ல, பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் இருப்பதால், 'ஸ்டிர்லென்' 15 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 5 என்கிறது. பிஎச்பியில் 'எம்பி_ஸ்டிர்லென்' பயன்படுத்தினால் அங்கும் 5 வரும், உங்கள் சிக்கல் தீரும். நாம் கண்ணால் எண்ணும் 3 எழுத்து என்ற விடை வேண்டுமென்றால், பிஎச்பியின் 'இன்டில்' நீட்சியில் உள்ள 'கிராஃபீம்_ஸ்டிர்லென்' தரும். ஆனால் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையின் 'வார்ச்சார்' அளவும் குறியீடுகளையே எண்ணுகிறது; ஆகவே கண்ணால் எண்ணும் 20 எழுத்துப் பெயருக்கு அங்கே 20 போதாது, 60 என்று தாராளமாகவே வைத்துவிடுங்கள்.