விற்காத வயல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்களின் ஊர்களைப் பற்றிய உங்கள் பயணக் குறிப்பைப் படித்தேன். குடும்ப வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது, அதை யாரும் விற்க முடியாது என்று மெச்சி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஏழு மா நிலம் இருந்தது. அக்காவின் கல்யாணத்துக்குக் கொஞ்சம், என் படிப்புக்குக் கொஞ்சம் என்று விற்றுத்தான் மேலே வந்தோம். அவசரத்துக்கு உதவாத நிலம் ஏட்டுச் சுரைக்காய்தானே? பெண்களுக்கே சொத்து என்றால் அங்கே ஆண்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

எஸ்.ஆர்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.ஆர்.,

‘விற்க முடியாது’ என்பதோடு நிறுத்தியது என் தவறு. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கியிருக்கிறேன்.

முதலில் ஒரு வரையறை. அங்கே எல்லா நிலமும் ஒரே வகை அல்ல. ஒருவர் தம் உழைப்பில் வாங்கியதை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். பல தலைமுறையாகத் தாய்வழியில் வந்த வயலுக்கும் வீட்டுக்கும் ‘புசாகோ திங்கி’ என்று பெயர். உயர்ந்த முதுசொம், அதாவது உயர்ந்த பூர்வீகச் சொத்து என்று கொள்ளலாம். கட்டுப்பாடு இதற்குத்தான். இதன் உரிமை ஒரு பாட்டியின் வழிவந்த மொத்தக் குடும்பத்துக்கும் உரியது. யார் எந்த வயலை உழுது உண்பது என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பட்டா அல்ல, அனுபவம் மட்டும். இதைப் பற்றி அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு: விற்றாலும் விலை கொள்ளாது, அடகு வைத்தாலும் அடகு கொள்ளாது.

சொலவடை இத்தனை கறாராக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதே வழக்கம்தான் நான்கு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீட்டின் நடுவே பிணம் கிடந்து அடக்கம் செய்யப் பணம் இல்லாவிட்டால். வயதுக்கு வந்த பெண் கல்யாணமாகாமல் இருந்தால். குடும்பத்தின் பெரிய வீடான ரூமா கடாங் ஒழுகினால். காலியாகக் கிடக்கும் குடும்பத் தலைவர் பட்டத்தை மறுபடி ஒருவருக்குச் சூட்ட வேண்டியிருந்தால். இந்த நான்குக்கும் வயலை அடகு வைக்கலாம், குடும்பம் முழுக்கச் சம்மதித்தால். உங்கள் அக்காவின் கல்யாணம் இதில் அடங்கிவிடுகிறது. உங்கள் படிப்பு அடங்காது. ஆனால் இன்று அங்கேயும் படிப்புக்காக வயல் கைமாறுகிறது. நான்கு என்ற கணக்கை யாரும் விரல்விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

அடகு என்றேன்; நம் ஊர்ச் சொல்லில் அது ஒத்தி. வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் வயலை எடுத்துக்கொள்கிறார், வாங்கிய தொகை திரும்பும்வரை விளைச்சல் அவருடையது. பல சமயம் நிலத்துக்காரரே அந்த வயலில் வாரத்துக்கு இறங்கி, விளைந்ததில் பாதியை ஒத்திக்காரருக்கு அளப்பதும் உண்டு. இன்னும் கொஞ்சம் பணம் வேண்டுமென்றால் அதே ஒத்தியின் மேல் கூட்டி வாங்கலாம். அதற்கு அவர்கள் சொல்வது ஒத்தியை ‘ஆழப்படுத்துவது’. கிணறு தோண்டுகிற மாதிரி. ஆழம் கூடக்கூட ஏறி வருவது கடினம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பாயாகும்பு நகரத்துக்கு அருகே ஒரு வீட்டில் ஒத்திக் காகிதம் ஒன்றைப் பார்த்தேன். வீட்டம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கோங் குவான் பிஸ்கட் டப்பா ஒன்றை மடியில் வைத்துத் திறந்தார். இந்தோனேசிய வீடுகளில் அந்தச் சிவப்பு டப்பாவுக்குள் பிஸ்கட் இருக்கும் என்று நம்புவது விருந்தாளிகள் மட்டும்தான். உள்ளே பழுப்பேறிய தாள். முத்திரை வில்லை, நான்கு திசைக்கும் அண்டை வயல்காரர்களின் பெயர், சாட்சிகளின் கைநாட்டு. தொகை ரூபியாவில் இல்லை. ‘இருபது அமே’ பொன். ஓர் அமே இரண்டரை கிராம். ஐம்பது கிராம் என்றால் ஆறேகால் பவுன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அவருடைய தாயார் காலத்தில் கூரையின் பனைநார் மக்கி ஒழுக, தகரம் போடுவதற்காக வைத்த ஒத்தி.

பொன்னில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1997 நடுவில் ஒரு டாலருக்கு 2,500 ரூபியாவுக்குக் கீழே இருந்தது. அடுத்த ஆண்டு 10,000-ஐத் தாண்டி ஓடியது. காகிதப் பணத்தில் கடன் கொடுத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். பொன்னில் எழுதிய ஒத்திக்காரர் அசையவில்லை. ஆனால் ரூபியாவில் சம்பாதித்துப் பொன்னில் மீட்க வேண்டியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரையின் விலை அந்த அம்மாவின் தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போகிறது.

1960-இல் இந்தோனேசிய அரசு ஒரு சட்டம் போட்டது. ஒத்தி ஏழு ஆண்டு ஓடிவிட்டால், ஒத்திக்காரர் விளைச்சலிலேயே போட்டதை எடுத்திருப்பார். பணமில்லாமல் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. நியாயமான சட்டம்தான். மினாங்கபாவ் ஊர்களில் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. ‘உங்கள் வயல் சட்டப்படி எப்போதோ உங்களுடையது ஆகிவிட்டதே’ என்று அந்த அம்மாவிடம், மொழிபெயர்த்த அவருடைய தங்கை மகன் வழியாகக் கேட்டேன். ஒத்திக்காரி இரண்டு வீடு தள்ளி இருக்கும் உறவுக்காரப் பெண். ‘அவர்கள் பொன் கொடுத்தபோது கூரை ஒழுகியது, இப்போது ஒழுகவில்லை’ என்றார் அந்த அம்மா. ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு ஏழாண்டுக் கணக்கு கூசுகிறது.

இதனால்தான் சொல்கிறேன், அந்த வயலைக் காப்பாற்றி வைத்திருப்பது விற்பனைத் தடை மட்டும் என்று நினைக்காதீர்கள். வெறும் தடை மட்டும் இருந்திருந்தால் எப்போதோ உடைந்திருக்கும். கையை விட்டுப் போன வயல் திரும்பி வருவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள் விற்ற நிலத்துக்கு அந்த வழி இல்லை. நீங்கள் விற்றது தவறு என்று சொல்ல எனக்கு வாயில்லை. படித்துக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஆண்களைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்வீட்டில் ஓர் ஆண் ‘மாமக்’, அதாவது தாய்மாமன். சகோதரிகளின் பிள்ளைகளுக்குப் பொறுப்பு, வயல் விவகாரத்தில் பேச்சு அவருடையது, ஒத்திக் காகிதத்தில் கையெழுத்தும் அவருடையது. மனைவி வீட்டில் அதே மனிதர் ‘சுமாந்தோ’, வந்த மாப்பிள்ளை. அடிமரத்தின் மேல் படிந்த சாம்பல் மாதிரி என்பார்கள், காற்றடித்தால் இல்லை. எனவே பெண்ணரசு என்று துள்ள வேண்டாம். பெண்ணுக்கு வயல், அவள் அண்ணனுக்கு வாய். முறைப்பு இல்லாமலும் இல்லை. அந்த மண்ணில் பிறந்து மக்காவில் இமாமாக இருந்த அகமது காதிப் இது இஸ்லாமிய வாரிசுரிமைக்கு முரண் என்று கடுமையாகக் கண்டித்தார். அவருடைய மாணவர் அப்துல் கரீம் அம்ருல்லா இதை வக்ஃபு போல, அதாவது விற்கக் கூடாத அறச்சொத்து போலப் பார்க்கலாம் என்று வழி சொன்னார். 1952-இல் மார்க்க அறிஞர்களும் குலப் பெரியவர்களும் அங்குள்ள புக்கிட்டிங்கி நகரத்தில் கூடி, முதுசொம் வழக்கப்படி, சொந்தச் சம்பாத்தியம் மார்க்கப்படி என்று பிரித்துக்கொண்டார்கள்.

இப்போது குழப்பம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2017 முதல் அரசு நாடு முழுக்க நிலங்களை அளந்து சான்றிதழ் கொடுக்கிறது. குடும்ப வயலுக்கு யார் பெயரில் வாங்குவது? குடும்பத்துக்காகத் தாய்மாமன் பெயரில் வாங்குகிறார்கள். அவர் கண்ணை மூடியதும் அவருடைய சொந்தப் பிள்ளைகள் காகிதத்தோடு வந்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோ தங்கள் தாயின் குலம். இந்த வயலுக்கு அந்நியர். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. விற்பனையால் போகாத நிலம் சான்றிதழால் போகும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்களின் பயம்.

அந்த அம்மாவின் மகன் ஜகார்த்தாவில், அவர்கள் ஊர்ச் சமையலை விற்கும் பாடாங் சோற்றுக்கடை ஒன்றில் வேலை செய்கிறார். தனிக்கடை போட்டதும் வயலை மீட்பதாகச் சொல்லியிருக்கிறாராம். கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: உங்கள் ஊரில் இன்று பொன் என்ன விலை? சொன்னேன். தங்கை மகன் கைபேசியில் ரூபியாவாக்கி, இருபது அமேக்குப் பெருக்கிக் காட்டினார். அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, தாளை மடித்து உள்ளே வைத்து, மூடியை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி அழுத்தினார்.