தனியாகக் கடலோடுபவர் மாண்டலின் எடுத்துப் போகலாமா?

கேள்வி: பாய்மரப் படகில் தனியாளாகப் பல மாதம் கடலில் போகிறவர்கள் மாண்டலின் மாதிரி ஒரு வாத்தியத்தைக் கூட எடுத்துப் போக முடியுமா? உப்புக் காற்றில் அது தாங்குமா? வாசிக்கத்தான் முடியுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தனியாளாகக் கடல் தாண்டியவன் இல்லை. சரக்குக் கப்பலில் ஒன்பது வருஷம் இன்ஜினியராக இருந்தவன். அதில் நான்கு ஒப்பந்தங்களுக்கு மாண்டலினும் என்னோடு வந்தது. விடுமுறை நாட்களில் சின்னப் பாய்ப்படகு ஓட்டிய பழக்கமும் கொஞ்சம் உண்டு. இந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

எடுத்துப் போகலாம். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டேகால் அடி நீளம், பெட்டி இல்லாமல் ஒரு கிலோ சொச்சம் எடை. ஆள் படுக்கிற பலகையில் தலைமாட்டில் வைத்துவிடலாம். 1968-69-இல் எங்கும் நிற்காமல் முதன்முதலாகத் தனியாக உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் படகு 32 அடிதான். அந்த மாதிரிப் படகுக்குள் கிடார் இடைஞ்சல், மாண்டலின் அப்படி இல்லை. உட்கார்ந்த இடத்தில் கால் ஒன்றை எதிர்ப்பலகையில் முட்டுக்கொடுத்துக்கொண்டால், படகு சாய்ந்து ஓடும்போதும் மடியை விட்டு நழுவாது.

உப்பைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு உப்பைவிட அதிக நஷ்டம் செய்தது என் முட்டாள்தனம். முதல் பயணத்தில், வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும், மரம் விரியும், கம்பியின் இழுவிசையைக் குறைத்து வைப்போம் என்று எட்டுக் கம்பிகளையும் ஒரே மூச்சில் தளர்த்திவிட்டேன். மாண்டலினில் குதிரையை, அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை, ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பிகள் அழுத்துவதால்தான் அது நிற்கிறது. அன்று இரவு கப்பல் ஒரு உருட்டு உருட்டியதில் குதிரை கழன்று பெட்டிக்குள் விழுந்துவிட்டது. திரும்ப எங்கே வைப்பது? ஒரு மயிரிழை தள்ளி வைத்தாலும் மேல் ஸ்தாயியில் ஸ்வரம் பிசகும். பாதிக் கம்பி நீளத்தில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் (மெட்டு) பன்னிரண்டாவதில், அழுத்தியும் வெறுமனே தொட்டும் மீட்டி இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்வரை குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம். அதற்கப்புறம் குதிரையின் கால் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்துவிட்டேன். தளர்த்துவதானால் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம், அதையும் ஒவ்வொரு கம்பியாகச் செய்யுங்கள்.

உப்பு தின்பது கம்பியையும் முறுக்குச் சாவிகளையும்தான். அதிலும் மெல்லிய 'ஈ' கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும், முதலில் அறுந்து போவதும் அதுவே. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்தால் ஒரு செட் கம்பி மூன்று வாரம் வரும். ஈ கம்பி மட்டும் தனியாக ஒரு டஜன் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி யாரும் சொல்லாத விஷயம், விரல். மாண்டலினில் இரட்டை இரட்டையாக எஃகுக் கம்பிகள். அதை அழுத்த விரல் நுனி காய்த்துப் போயிருக்க வேண்டும். தனியாகப் படகு ஓட்டுகிறவரின் கையோ எப்போதும் ஈரம். கயிறு இழுத்து, உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ப்பெல்லாம் வெந்த தோலாகிவிடும். அந்த விரலால் ஈ கம்பியை அழுத்தினால் கத்தி மாதிரி இறங்கும். உப்பு பட்ட வெட்டு ஆறவும் ஆறாது. எனவே தென்கடலில் அட்சரேகை நாற்பது பாகைக்குக் கீழே, ஓயாத காற்றில் ஓடும் வாரங்களில் வாத்தியம் பெட்டிக்குள்தான் கிடக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காற்றே இல்லாமல் பாய் தொங்கும் நாட்கள்தான் வாசிப்பதற்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் கூடுதல். சாதாரண மாண்டலினில் ஒலி சட்டென்று செத்துவிடும். மேலைநாட்டார் அதைத் தாங்கிப் பிடிக்க, கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கால் விடாமல் தடதடவென்று மீட்டுவார்கள். நமக்குக் கமகம் வேண்டுமே. மாண்டலினில் கர்நாடக இசை வாசித்த யு. ஸ்ரீனிவாஸ் அதனால்தான் ஜோடிக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பி மின் மாண்டலினில் வாசித்தார். ஒலி நின்றால்தான் கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைக்க முடியும். படகில் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஓட்டுமளவுக்கு சோலார் பேட்டரி இருக்கும்தான், ஆனால் உப்பு ஈரத்தில் வயர் செருகும் துளைதான் முதலில் சாகும். நான் எட்டுக் கம்பியிலேயே, அசைவு அதிகம் கேட்காத ஹம்சத்வனி, மோகனம் என்று ஓட்டிவிடுவேன். அசைவு நிறையக் கேட்கும் தோடி பக்கம் போனதே இல்லை.

சுருதிக்கு எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கப்பல் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் நிற்கும். ஓயாத தம்புரா! அதற்கே சேர்த்து வாசித்துவிட்டு ஊருக்கு வந்து ஒரு மிருதங்கக்காரரோடு உட்கார்ந்தபோது, "என்ன சார் இது, எந்தக் கட்டையிலும் சேராத கட்டையா இருக்கு" என்றார்.

பாய்ப்படகில் அந்த ரீங்காரம் இல்லை. அங்கே இருக்கும் சத்தங்கள் வேறு மாதிரி. பாய் படபடப்பது, கயிறு முனகுவது, தண்ணீர் பலகையில் உரசுவது எல்லாமே சேதி. ஒன்று மாறினால் காற்று திரும்பிவிட்டது அல்லது ஏதோ கழன்றுவிட்டது என்று பொருள். தனியாளுக்கு அதைக் கேட்க வேறு காது கிடையாது. பெரிய கப்பல்கள் போகும் பாதையில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து அடிவானத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. அதனால் மாண்டலினைப் பத்து நிமிஷம் வாசி, நிறுத்து, கேள் என்றுதான் வாசிக்க வேண்டியிருக்கும். முழு ஆலாபனைக்கு அங்கே இடமில்லை.

இசை இல்லாமல் போனவர்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகைச் சுற்றியது ஒரு போட்டிக்காக. அதே 1968 போட்டியில் போன டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் மவுத் ஆர்கன் கொண்டுபோய், அதை டேப்பில் பதிவும் செய்தார். 2018-இல் அந்தப் பழைய போட்டியை மறுபடி நடத்தியபோது ஜிபிஎஸ் கூடாது, சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து இடம் கண்டுபிடிக்கும் செக்ஸ்டன்ட்தான், பாட்டுக்கூட கேசட்டில்தான் கேட்கலாம் என்று விதி. நம் ஊர்க் கடலோடி அபிலாஷ் டோமி அதில் போய், இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் ஒடிந்து முதுகெலும்பு அடிபட்டு மீட்கப்பட்டார், அடுத்த போட்டியில் இரண்டாவதாக வந்தார்.

உங்கள் நல்ல மாண்டலினை வீட்டில் விட்டுவிட்டு மலிவான ஒன்றை வாங்கிப் போங்கள். பிக் மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையவை இரண்டு, நான் வேலை பார்த்த கப்பலின் ஏசி துவாரத்துக்குள் விழுந்தவை, இன்னமும் அங்கேயேதான் கிடக்கும்.