கியோட்டோவிலிருந்து ஒரே நாளில் பிவா ஏரிப் பக்கம் போனால் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்?

ஒரே நாள்தான் என்றால் யோசிக்காமல் நாகஹாமாவுக்குப் போங்கள். ஓட்சு நகரம் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்பதால் பலர் அங்கேயே இறங்கி, கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுமார் 670 சதுர கிலோமீட்டர் ஏரியில் அது தென்கோடி மூலை. நாகஹாமா வடகிழக்குக் கரையில் இருக்கிறது. ஷின்-கைசோகு என்ற விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும், சாதாரண டிக்கெட்டே போதும்.

காலையில் முதல் வேலையாகப் படகேறி சிக்குபு தீவுக்குப் போய்விடுங்கள், அரை மணிப் பயணம். அங்குள்ள ஹோகோன்-ஜி கோயிலில் இருப்பது பென்சைதென், அதாவது பௌத்தத்தோடு ஜப்பான் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதி. 165 கற்படிகள், முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக ஏறலாம். பக்கத்துக் கோயிலில் இரண்டு சின்ன மண்தட்டு தருவார்கள். ஒன்றில் பெயர், இன்னொன்றில் வேண்டுதல் எழுதி, கீழே ஏரியோரம் நிற்கும் தோரி என்ற கோயில் வாயில் வளைவுக்குள் புகுந்து போகும்படி வீச வேண்டும். பெரும்பாலும் போகாது!

திரும்பி வந்ததும் சாப்பாடு. சபா சோமென் கேளுங்கள். சுட்ட கானாங்கெளுத்தியை இனிப்பும் சோயாவுமாகக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றிலேயே சோமென் என்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸைப் போட்டு எடுப்பார்கள். அந்தக் காலத்தில் நடவு நேரத்தில், மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பெற்றோர் சுட்ட கானாங்கெளுத்தி அனுப்புவார்களாம். அதிலிருந்து வந்த பதார்த்தம் இது.

அடுத்தது ஃபுனாஸுஷி. நாம் பார்த்த சுஷிக்கெல்லாம் பாட்டி. நிகோரோபுனா என்ற ஏரிமீனைச் சினையோடு பிடித்து, வயிற்றைக் கீறாமல் குடலை எடுத்து, மாதக்கணக்கில் உப்பில் போட்டு, கோடையில் கழுவிச் சோற்றோடு தொட்டியில் அடுக்கிக் கல்லேற்றி வைப்பார்கள். குறைந்தது குளிர்காலம் வரை அது புளிக்க வேண்டும். தட்டில் வரும்போது காகிதம் போல மெல்லிய துண்டு, நடுவில் ஆரஞ்சு நிறச் சினை. வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால் பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமில்லை. முழு மீன் ஆயிரக்கணக்கான யென். நாணல் காடுகள் அழிந்ததும், வெளியிலிருந்து வந்த பிளாக் பாஸ் என்ற மீன் பெருகியதும் நிகோரோபுனாவைக் குறைத்துவிட்டன. சில துண்டு மட்டும் வாங்கிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் சூடான சோற்றில் வைத்துத் தேநீர் ஊற்றிச் சாப்பிடுங்கள், அதன் முறுக்கு அடங்கிவிடும்.

சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும், கேட்டுக்கொள்வது நல்லது.

கடைவீதியில் குரோகாபே பகுதியைச் சுற்றுங்கள். 1900-இல் கட்டிய கறுப்புச் சுவர் வங்கிக் கட்டடம் இன்று கண்ணாடிக் கடை. விலை அதிகம், வேடிக்கை பார்க்கக் காசில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கடைகளை மூட ஆரம்பித்துவிடுவார்கள். நேரமிருந்தால் ரயிலில் வடக்கே கினோமோதோ போய், முள்ளங்கி ஊறுகாயும் மயோனைஸும் வைத்த சாலட் பன் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கத்தான் விசித்திரம், ரயிலில் கொறிக்க அதைவிட நல்லதில்லை.